அர்த்தம் கேட்காத வாக்கியம்

மழை பெய்கிறதா என்று அக்காவிடம் கேட்டால்கூட நேராகப் பதில் வராது. "முத்தத்தில பெய்யுது பிள்ளை" என்பார். தெருவில் பெய்யலையா? "தெருவை நான் இன்னும் எட்டிப் பாக்கேல்லை." முற்றத்தில் பெய்து தெருவில் பெய்யாத மழையைக் கள்ளிக்குப்பத்தில் பிறந்து வளர்ந்த நான் இதுவரை கண்டதில்லை. மாடியில் காயும் துணிகளை நானே ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வருவேன்.

எங்கள் வீட்டின் கீழ் போர்ஷனில் குடியிருந்தார். இப்போது அங்கே திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த ஐ.டி. தம்பதி இருக்கிறார்கள். கேள்வியைப் பாதி கேட்கும்போதே பதில் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அதுவே இப்போது ஒட்டவில்லை. அக்காவுக்கு அழகான பெயர் உண்டு. ஆனால் கடல் தாண்டி ஒரு நாட்டில் அவர் சாட்சியாக இருக்கும் வழக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. வாய்தா என்பது நம் ஊர்ச் சொத்து என்று நினைத்திருந்தேன், அங்கேயும் உண்டாம். அதனால் பெயரை எழுத மாட்டேன். தெருவுக்கு அவர் 'சிலோன்காரம்மா', எனக்கு அக்கா.

வன்னியில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். போர் முடிந்து, முகாமில் இருந்து, வெளியே வந்து, எப்படியோ இங்கே வந்து சேர்ந்தார். அம்பத்தூரில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் காயங்களுக்குக் கட்டுப் போடும் வேலை கிடைத்தது. கை பட்டால் வலிக்காது என்று பேர் வாங்கியிருந்தார். டாக்டர் "புண்ணு ஆறிடுச்சா?" என்று கேட்டால் மட்டும், "மேல் தோல் மூடியிருக்குது, உள்ளுக்கு நான் காணேல்லை" என்பாராம். டாக்டர் தலையில் அடித்துக்கொள்வாராம்.

நான் வக்கீல். பூந்தமல்லி கோர்ட்டில் வாகன விபத்து வழக்குகள்தான் என் பிழைப்பு. வாய் கொஞ்சம் நீளம், தொழிலுக்கு அது வேண்டியிருக்கிறது. எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. விசாரணைக்கு முந்தின நாள் சாயங்காலம் சாட்சியைக் கூப்பிட்டு உட்கார வைத்து, டீயும் போண்டாவும் வாங்கிக் கொடுத்து, நாளைக்கு என்ன சொல்ல வேண்டும் என்று பாடம் எடுப்போம். அதைப் பொய் என்று நாங்கள் யாரும் சொல்வதில்லை, "சாட்சியைத் தயார் பண்றது" என்போம். லாரி எப்போதும் அதிவேகமாகத்தான் வரும். டிரைவர் எப்போதும் ஹாரன் அடித்திருக்க மாட்டான். சாட்சி எப்போதும் சரியாக அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பார்.

பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர் அண்ணாத்தேயைச் செங்குன்றம் ரோட்டில் தண்ணி லாரி ஒன்று தூக்கிப் போட்டபோது, அக்கா எதிரே பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தார். இதைவிட நல்ல சாட்சி எங்கே கிடைக்கும்? பாடம் எடுக்க உட்கார வைத்தேன்.

"லாரி வேகமா வந்ததுன்னு சொல்லணும், அவ்வளவுதான்க்கா."

"வேகமா வந்ததை நான் காணேல்லை பிள்ளை. சத்தம் கேட்டுத்தான் திரும்பினனான். திரும்பேக்குள்ள ஓட்டோ பிரண்டு கிடந்தது. லொறி ரோட்டுக்கு அந்தப் பக்கம், எதிர்ப்பக்கமா நிண்டது."

"மெதுவா வந்து இடிச்சா ஆட்டோ அப்படிப் புரளுமா? நீங்களே சொல்லுங்க."

"புரளாது போலத்தான் கிடக்கு. ஆனா அது நான் நினைக்கிறது. கண்டது இல்லை."

போண்டாவை மட்டும் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார். மறுநாள் கூண்டில் ஏறி நின்று அதையேதான் சொன்னார். இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தார் பாருங்கள், எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. வழக்கு ஒருவழியாக சமரசத்தில் முடிந்தது. நினைத்தது கிடைக்கவில்லை. அண்ணாத்தே கால் கட்டோடு வாசலில் உட்கார்ந்துகொண்டு கத்தினார்.

"இன்னாம்மா நீ! பக்கத்து ஊட்லயே கீற. ஒரு வார்த்தை சேத்து சொன்னா இன்னா கொறஞ்சா பூடும்? நானு செத்துக்கினு கீறேன், உனுக்கு நாயம் பேசத் தோணுது!"

 அக்கா அன்றைக்கும் கட்டை அவிழ்த்து, புண்ணைக் கழுவி, புதுக் கட்டுப் போட்டார். அடுத்த நாளும் வந்தார். புண் ஆறும்வரை அண்ணாத்தே திட்டிக்கொண்டே காலை நீட்டினார், அக்கா திட்டு வாங்கிக்கொண்டே கட்டுப் போட்டார். அதற்குக் காசு வாங்கவில்லை. கடைசியில் அந்த மனிதரே, "மாங்காட்டுக்கு சவாரி போறேன், கோயிலுக்கு வரியாம்மா?" என்று கேட்டு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார். திரும்பி வந்ததும் நான் கிண்டலாகக் கேட்டேன்.

"அம்மன்கிட்ட வேண்டிக்கிட்டீங்களா? குடுக்குமா?"

"கேட்டனான். பதில் ஒண்டும் காணேல்லை" என்றார் முகம் மாறாமல்.

அவர் என்ன கேட்டிருப்பார் என்று எனக்குத் தெரியும். அவர் கணவர் அந்த வன்னி ஆஸ்பத்திரியில்தான் காலில் காயத்தோடு படுத்திருந்தார். ஒருநாள் காலை அக்கா தண்ணீர் எடுக்கக் கிணற்றடிக்குப் போயிருந்த நேரத்தில் ஆஸ்பத்திரிமேல் ஷெல் விழுந்தது. திரும்பி வந்தபோது அவர் இருந்த வார்டே இல்லை. புகையில் ஒன்றும் தெரியாமல், அடுத்த ஷெல்லுக்குப் பயந்து ஓடிய கூட்டம் இவரையும் இழுத்துக்கொண்டு போய்விட்டது. "அவர் இறந்துட்டாரா?" என்று தெருவில் யார் கேட்டாலும், "அவர் படுத்திருந்த கட்டிலை நான் திரும்பக் காணேல்லை" என்பதுதான் பதில். பொட்டும் தாலியும் அப்படியே இருந்தன. தெருப் பெண்கள் முதுகுக்குப் பின்னால் ஏதேதோ பேசினார்கள். நான் ஒருத்தியை நன்றாகக் கிழித்துத் தொங்கவிட்டேன், அதன்பிறகு என் காதில் விழும்படிப் பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள்.

லண்டனில் இருந்த அக்காவின் தம்பிதான் வழக்குச் செய்தியைக் கொண்டுவந்தார். அந்தப் பகுதியில் படைகளுக்குத் தலைமை தாங்கிய அதிகாரி ஒருவர் வேறொரு நாட்டில் போய்க் குடியிருக்கிறாராம். அந்த நாட்டுச் சட்டப்படி, போர்க்குற்றம் உலகில் எங்கே நடந்திருந்தாலும், சம்பந்தப்பட்ட ஆள் தங்கள் மண்ணில் இருந்தால் வழக்குப் போடலாமாம். பாதிக்கப்பட்டவர்களின் வக்கீல்கள் சாட்சிகளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். வீடியோவில் பேசுவார்கள், முதலில் வாக்குமூலம், பிறகு தேவைப்பட்டால் நேரில். அக்கா என்னிடம் வந்து, "பக்கத்தில இருக்கிறீங்களோ பிள்ளை?" என்று கேட்டார். அவர் என்னிடம் எதையாவது கேட்டது அதுதான் முதல் தடவை.

சரி, நமக்குத் தெரிந்தது தண்ணி லாரிதான், இருந்தாலும் விடுவேனா? உட்கார்ந்து படித்தேன். படித்ததை அவருக்குச் சொன்னேன். ஷெல்லை அடித்த சிப்பாய் யாரென்று தெரிய வேண்டியதில்லை. அந்தப் படை யார் சொல் கேட்டு நடந்ததோ அவரைப் பிடிக்கலாம். குற்றம் நடக்கப்போகிறது அல்லது நடந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அல்லது தெரிந்துகொண்டிருக்க வேண்டிய நிலையில் இருந்திருக்க வேண்டும். தெரிந்தும் அவர் தடுக்கவில்லை, செய்தவனைத் தண்டிக்கவும் இல்லை என்றால், நானே அடிக்கவில்லையே என்று அவர் தப்பிக்க முடியாது.

அக்கா தண்ணி லாரியை ஞாபகப்படுத்தினார். "அண்ணாத்தேயின்ர வழக்கில லொறி முதலாளி வீட்டில நித்திரை. அவருக்கு ஒண்டும் தெரியாது. அப்பவும் அவர்தான் பொறுப்பு எண்டு சொன்னனீங்கள்."

"அது நஷ்டஈடு, அக்கா. முதலாளி தூங்கினாலும் அவர் தலையிலதான் விடியும். இது ஜெயிலு. இதுல அவருக்குத் தெரியுமா தெரியாதாங்கறதுதான் கேள்வியே."

"அப்ப அவருக்குத் தெரியுமோ எண்டுதான் என்னட்டக் கேப்பினம்."

"அதேதான்."

அவர் முகம் கறுத்துப்போனது. வழக்கு என்றதும் வந்த பயம் என்று அப்போது நான் எடுத்துக்கொண்டேன்.

முதல் அழைப்பு ஒரு மத்தியான வேளையில் வந்தது. என் அலுவல் அறையில் ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்தோம். அந்தப் பக்கம் ஒரு வக்கீல் அம்மாள், கூட ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளர். முதலில் வரிசையாகப் படங்கள் காட்டினார்கள். அக்கா ஒன்றில் விரலை வைத்து, "இவர்தான். அப்ப இவ்வளவு உடம்பு இல்லை" என்றார். நான் மனசுக்குள் கை தட்டினேன். அடுத்த கேள்வியிலேயே என் சந்தோஷம் போயிற்று. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஆயுதம் தாங்கியவர்கள் இருந்தார்களா என்று கேட்டார்கள்.

"ஆஸ்பத்திரி வளவுக்குள்ள நான் காணேல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் தென்னந்தோப்புக்குள்ள ஒருநாள் எங்கட இயக்கத்து ஆக்களின்ர ரண்டு வாகனம் நிண்டது. துவக்கோட நிண்டவை. கண்டனான்."

அழைப்பு முடிந்ததும் என்ன நடந்தது என்று கேட்கக் கூப்பிட்ட லண்டன் தம்பி, விஷயம் தெரிந்ததும் போனில் குதித்தார். ஸ்பீக்கரில் போட்டதால் எனக்கும் கேட்டது.

"அதை ஏன் அக்கா சொன்னனீங்கள்? அவையள் அதையே பிடிச்சுக்கொள்ளுவினம்! எங்கட தலையில நாங்களே மண் அள்ளிப் போடுறதோ?"

"கேட்டவை, சொன்னனான். ரண்டு வாகனம் வேலிக்கு வெளியில நிண்டால் வருத்தக்காரர் படுத்திருக்கிற ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு அடிக்கலாமோ? அதைச் சட்டம் சொல்லட்டும். நான் மறைச்சால் மற்றதையும் நம்பமாட்டினம்."

தம்பி போனை வைத்துவிட்டார். பல மாதங்கள் பேசவில்லை என்று பிறகு தெரிந்தது. வெளியே வாகனம் நின்றதற்காக ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரி இல்லாமல் போய்விடாது என்று நான் அக்காவுக்குச் சமாதானம் சொன்னேன். அவருக்கு என் சமாதானம் தேவைப்படவில்லை.

நான் சொல்ல வந்தது அந்த அழைப்பின் கடைசிப் பகுதியை. அந்த அதிகாரியை எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டார்கள். போர்ப் பகுதியிலிருந்து தப்பி வந்த சனத்தை வரிசையில் நிறுத்திப் பெயர் பதிந்துகொண்டிருந்த இடத்துக்கு அவர் வந்தாராம். சிப்பாய்கள் எல்லோரும் எழுந்து நின்று சல்யூட் அடித்தார்களாம். அக்கா வரிசையை விட்டு வெளியே வந்து அவர் முன்னால் போய் நின்று, "ஆஸ்பத்திரியில படுத்திருந்த ஆக்கள் எங்கே?" என்று கேட்டிருக்கிறார். கூட நின்ற சின்ன வயதுச் சிப்பாய் ஒருவனுக்குத் தமிழ் தெரியும். அவன் அதைச் சிங்களத்தில் சொல்ல, அதிகாரி பதில் சொல்ல, அவன் திரும்பி அக்காவிடம், "ஐயா விசாரிச்சுச் சொல்லுவாராம்" என்றிருக்கிறான்.

"அப்படியானால் அதிகாரி விசாரிப்பதாகச் சொன்னார், இல்லையா?" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

"இல்லை. அப்பிடிச் சொன்னது அந்தப் பெடியன். அவர் சொன்னது எனக்கு விளங்கேல்லை. எனக்குச் சிங்களம் தெரியாது."

"அவர் சொன்னது நினைவிருக்கிறதா?"

"சத்தம் நினைவிருக்கு. ஒரு சொல்லும் விடாமல் இருக்கு. ஆனா இண்டைக்குச் சொல்ல ஏலாது. இன்னொரு நாள் சொல்லுறன்."

அழைப்பு துண்டிக்கப்பட்டதும் நான் எகிறிக் குதித்தேன். இத்தனை வருஷமாகவா? சாயங்காலங்களில் பஞ்சு சுருட்டிக்கொண்டே அவர் உதடு அசைவதைப் பார்த்திருக்கிறேன். தேவாரம் சொல்கிறார் என்று நினைத்து நான் டிவி சத்தத்தைக்கூடக் குறைப்பேன். அவர் சொல்லிக்கொண்டிருந்தது அந்த அதிகாரியின் வாக்கியத்தை!

"ஏன்க்கா, ஒரு தடவைகூட அர்த்தம் கேக்கணும்னு தோணலையா? முகாம்ல சிங்களம் தெரிஞ்சவங்க எத்தனை பேர் இருந்திருப்பாங்க! இப்பக்கூடச் சொல்லுங்க, ஒரு போன் போட்டா நிமிஷத்துல தெரிஞ்சிடும்."

"அர்த்தம் தெரிஞ்சால் சத்தம் மாறிப்போயிடும் பிள்ளை. பிறகு நான் அர்த்தத்தைத்தான் நினைவு வைச்சிருப்பன். அவர் சொன்னது தவறிப்போயிடும்."

ஒரு வக்கீலாக எனக்கு அது புல்லரித்தது. இப்படி ஒரு சாட்சியை நான் கண்ணால் கண்டதில்லை. ஆனால் அன்று ராத்திரி நான் தட்டில் வைத்த இட்லியை அவர் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அர்த்தம் தெரியாதவரைக்கும் யாரோ விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். யாரோ ஒருநாள் வந்து சொல்வார்கள். கட்டில் இருந்த இடத்திலிருந்து யாரோ ஒருவர் உயிரோடு எழுந்து போயிருக்கலாம்.

"பயமா இருக்காக்கா?" என்று கேட்டேன்.

"ஓம்" என்றார். அவர் இவ்வளவு சீக்கிரமாக ஒரு கேள்விக்குப் பதில் சொன்னதே கிடையாது.

நான் வேண்டாம் என்றேன், சத்தியமாகச் சொன்னேன். வேறு சாட்சிகள் இருப்பார்கள், இந்த ஒன்றை விட்டுவிடுங்கள், யாரும் உங்களைக் கேட்க மாட்டார்கள் என்றேன். அவர் என்னைப் பார்த்து, "அவருக்குத் தெரியுமோ எண்டதுதான் கேள்வியே எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்" என்றார். என் வாயை நான் இவ்வளவு சபித்துக்கொண்டது வேறு எப்போதும் இல்லை.

இரண்டாவது அழைப்பில் சிங்களம் தெரிந்த ஒரு பெண்மணியும் இருந்தார். நரைத்த தலை, மூக்குக் கண்ணாடி. அவருக்குத் தமிழ் தெரியாது. அவர் ஆங்கிலத்தில் சொல்ல, தமிழ் மொழிபெயர்ப்பாளர் அக்காவுக்குச் சொல்வார். அக்கா குளித்து, நர்சிங் ஹோமுக்குப் போகும் வெள்ளைச் சேலையில் வந்து உட்கார்ந்திருந்தார். முதுகு நிமிர்ந்திருந்தது. கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்.

அது அவர் குரலே இல்லை. ஒரு ஆண்பிள்ளையின் அவசரம் அதில் இருந்தது, வேறு வேலை கிடக்கிறது என்கிற மாதிரி. நடுவில் ஓரிடத்தில் நிறுத்தி ஒரு சின்ன இருமல்கூட இருமினார், அந்த அதிகாரி இருமிய இடம் போலிருக்கிறது.

சிங்களப் பெண்மணி இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். அக்கா சொன்னார். அதே சத்தம், அதே இருமல். அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு மெதுவாக ஆங்கிலத்தில் சொன்னார். ஆங்கிலத்தில் எனக்கு முதலில் புரிந்துவிட்டது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வாய் திறப்பதற்குள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அவர் சொன்னது: 'அது ஆஸ்பத்திரி என்று எனக்கு முன்பே தெரியும். அங்கே ஒருவரும் மிஞ்சவில்லை. அடுத்த ஆளைக் கூப்பிடு.'"

என் கைக்குள் இருந்த கை அசையவில்லை. நான் அழுதேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன், திரையில் அத்தனை பேர் பார்க்க மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதேன். தினம் தினம் அக்கா தன் வாயாலேயே சொல்லி வந்திருக்கிறார், அடுத்த ஆளைக் கூப்பிடு, அடுத்த ஆளைக் கூப்பிடு என்று. வக்கீல் அம்மாள் நிறுத்திவிட்டு நாளைக்குப் பேசலாமா என்று கேட்டார்.

"வேண்டாம். எழுதுங்கோ" என்றார் அக்கா. "அவர் சொன்னது அது. பெடியன் சொன்னது விசாரிச்சுச் சொல்லுவாராம் எண்டு. ரண்டையும் எழுதுங்கோ."

"அந்தச் சிப்பாய் ஏன் மாற்றிச் சொன்னார் என்று நினைக்கிறீர்கள்?"

"அவன்ர மனசுக்குள்ள இருந்ததை நான் காணேல்லை." பிறகு, கேட்காமலே சொன்னார். "சின்னப் பெடியன். சொல்லேக்குள்ள என்ர முகத்தைப் பாக்கேல்லை, நிலத்தைப் பாத்தவன். அவன் பொய் சொன்னவன்தான். அந்தப் பொய்யிலதான் நான் இவ்வளவு காலம் சோறு திண்டனான். அவனில வழக்குப் போடாதேங்கோ."

வழக்கம்போல் கடைசியில் வாக்குமூலம் முழுவதையும் திரும்ப வாசித்துக் காட்டினார்கள். அக்கா ஒவ்வொன்றுக்கும் "ஓம்" என்றார். தென்னந்தோப்புக்கும் "ஓம்" என்றார். முதல் அழைப்பில் கேட்ட சொந்த விவரங்களை எல்லாவற்றுக்கும் பின்னால் சேர்த்திருந்தார்கள்.

"கணவர்: உயிரோடு இருக்கிறாரா என்பது தெரியவில்லை. சரிதானே?" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

அக்கா என் கையிலிருந்து தன் கையை எடுத்துக்கொண்டார்.

"மாத்துங்கோ. செத்துப்போனார் எண்டு எழுதுங்கோ."

வக்கீல் அம்மாள் தயங்கினார். அக்காவின் பழக்கம் இதற்குள் அவருக்கும் தெரிந்திருந்தது.

"நீங்கள் பார்த்தீர்களா?"

"காணேல்லை."

"உடலையாவது?"

"இல்லை."

"அப்படியென்றால் எதை வைத்து எழுதட்டும்?"

"அந்த இடத்துக்கு அந்த அதிகாரிதானே பொறுப்பு" என்றார் அக்கா. "பொறுப்பான ஆள் சொல்லியிருக்கிறார். எழுதுங்கோ."